லேட் நோட்டும் பேருந்தில் வந்தது

“இவ்ளோ படிச்சுட்டு பஸ்லயா வேலைக்குப் போற?” என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பேருந்தில் காதில் விழுவது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருந்ததில்லை.

தாம்பரத்தில் ஒரு திங்கட்கிழமை, பேருந்து வரும்போதே மணி எட்டு. என்னோடு ஏறிய துணி தைக்கும் கம்பெனிப் பெண் ஒருத்தி, தன் தோழியின் பக்கத்தில் அழாத குறையாக நின்றாள்.

“மூணாவது லேட்டுக்கா. இன்னிக்கு வேலைய வுட்டே தூக்கிடுவாங்க.”

தோழி அவளை இடித்தாள். “முன்னாடி பாரு. கம்பியப் புடிச்சுகினு தொங்குறது யாரு? லேட் நோட்டுல பேர் எழுதற நம்ம சூப்பர்வைசரு!”

“பைக் ரிப்பேர்மா,” என்றார் அவர்.

“அய்யோ பாவம். பஸ்ஸு லேட்டுன்னா ‘சீக்கிரமா கிளம்பு’ம்பீங்களே சார், நீங்க கிளம்பலியா?”

“ஏழு மணிக்கே வந்து நிக்கறேன்மா. பஸ்ஸே இல்ல.”

“அப்படியா சார்? எங்களுக்குத் தெரியவே தெரியாதே!”

பேருந்தே சிரித்தது.

“நோட்டு எங்க கீது சார்?”

“பையிலதான்.”

“எடுங்க. மொதல்ல உங்க பேரு, அப்புறம் இவ பேரு.”

அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இன்னிக்கு யாரும் லேட் இல்லம்மா.”

காலை ஏழு மணிக்கு இன்னொரு பேருந்து கேட்டு நான் எழுதிய மனு இப்போது டிப்போவில் இருக்கிறது. முதல் கையெழுத்து சூப்பர்வைசருடையது.