கால் சுற்று

எனக்குச் சர்க்கரை இருக்கிறது சார், டீயில் இனிப்பு வேண்டாம். நடந்துகொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உட்கார்ந்தால் கால் எரிகிறது. கைவிரல்கள் எரிவதில்லை. அவை மரத்துப்போய் ரொம்ப நாளாகிறது.

பழைய புல்லட் வேலைக்கு அல்சூரில் என் பட்டறை பேர்போனது. அலெக்சாண்டர் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஆனால் விரலில் உணர்ச்சி போன பிறகு இன்ஜினுக்குள் கை வைத்தது என்னிடம் வேலை பார்க்கும் ரங்காதான்.

வால்வு மாற்றினால் புஷ்ராடின் நீளத்தைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். வால்வைத் தள்ளித் திறக்கும் கம்பி அது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. நீளம் கூடினால் வால்வு சரியாக மூடாது, சூட்டில் கருகும். வண்டிக்காரரையும் சுழற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மூடியைப் போடுவோம். அது நான் வைத்த வழக்கம்.

ஈஜிபுராவில் தனிக்கடை பார்த்திருப்பதை ரங்காவே என்னிடம் சொன்னான். "அண்ணா, அடுத்த மாசம் தொறக்கறேன். நீங்கதான் வந்து ஷட்டரைத் தூக்கணும்."

அன்றிலிருந்து தூக்கமில்லை. வீட்டில் நடந்தேன், பட்டறையில் நடந்தேன், ஸ்பேனர்களை அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்கினேன். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை சார். அவன் வேலை ஒன்று கெட்டுப்போய், யாராவது நாலு பேர் முன்னால் கத்தினால், பயந்து என்னோடு இருந்துவிடுவான் என்று நினைத்தேன்.

வால்வு மாற்ற வண்டி விட்டிருந்த ஷில்பா மேடம் மேலும் எனக்கு விரோதம் கிடையாது. அவர்கள் தூரம் போகிறவர்கள், அதனால்தான் அவர்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். ஊருக்குள் ஓடும் வண்டி சீக்கிரம் திரும்பி வந்துவிடும். ரங்கா தொட்டாலே கண்டுபிடித்துவிடுவான்.

"மேடம், நீங்களே சுத்திப் பாருங்க," என்றான் ரங்கா.

அவர்கள் சுழற்றிவிட்டுச் சிரித்தார்கள். "பரவால்லயே ரங்கா, ஜம்முனு சுத்துது."

அவன் மூடியைப் போட்டான். இருவரும் எதிர்க்கடைக்குக் காபி குடிக்கப் போனார்கள். மூடிக்கு ஒரே நட்டு. கழற்றி, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்துக் கம்பியின் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி நீட்டி, மூடிவிட்டேன். அதற்கு விரலில் உணர்ச்சி தேவையில்லை. கிளம்பும்போது டயரில் காற்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "சரி அங்கிள், தேங்க்ஸ்," என்றார்கள்.

சிக்மகளூர் போகும் சாலையில் வால்வு உடைந்து உள்ளே விழுந்து, இன்ஜின் பூட்டிக்கொண்டது. பின்னால் லாரி. மற்றது உங்களுக்கே தெரியும். வருத்தம்தான் சார், நல்ல பெண்.

பேசாமலே இருந்திருப்பேன். நேற்று உங்கள் லாக்கப்பில் ரங்காவைப் பார்த்தேன். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாந்தான் கொன்னுட்டேன் அண்ணா. இனிமே ஸ்பேனரைத் தொடவே மாட்டேன்." அதைக் கேட்ட பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பட்டறை என்ன ஆவது?

அவன் செய்யவில்லை, நான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். அவனை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள் சார், ஒரு இன்ஜின் பிரித்தபடி பாதியில் கிடக்கிறது. நடந்ததை நீங்களே அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவனை எவ்வளவு நேசித்திருந்தால் இதைச் செய்திருப்பேன் என்று புரிந்துகொள்வான். இந்தாருங்கள், பட்டறைச் சாவி. அவன் கையில் கொடுங்கள். இனி அவன் எங்கேயும் போகமாட்டான்.