ரெண்டாவது சமையக்கட்டு

— ஆறு ரூமா? நீங்களும் நானும் ஆளுக்கு மூணு ரூமா படுத்துக்கலாம். பேசணும்னா போன் போட்டுக்கலாம்.

— ஆரம்பிச்சிட்டியா லட்சுமி? வெலை கம்மி. அடி அண்ணாமலையில இந்த வெலைக்கு இப்ப காலி மனையே கெடைக்காது.

— கம்மியா குடுக்கறான்னா ஏன்னு கேக்க வேணாமா? வாசப்படி எறங்கினா கிரிவலப் பாதை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே நடக்கும், வண்டிய வெளிய எடுக்க முடியாது. மாடிச் செவுரு பாத்தீங்களா? மழைத்தண்ணி எறங்கி பாசி புடிச்சிக் கெடக்கு.

— அத்த உடு. பூசிட்டா சரியாப் பூடும். கெணத்த எட்டிப் பாத்தியா? சித்திரையில இவ்ளோ தண்ணி எங்க இருக்குது, சொல்லு?

— தண்ணி இருக்குது, மொண்டு குடிக்க ஆளு? நம்ம பையன் பிரசாத் பெங்களூர்லயே வூடு வாங்கிட்டான். பொங்கலுக்கு ரெண்டு நாளு வருவான். மீதி நாளு இந்த ஆறு ரூமையும் பெருக்கித் தொடைக்கறது யாரு, என் முட்டியா?

— ரெண்டு ரூம வாடகைக்கு உடலாம். ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க மாசக்கணக்குல தங்கறாங்க.

— ஆசிரமம் இருக்கற செங்கம் ரோட்ட உட்டுட்டு இவ்ளோ தூரம் வருவாங்களா? பொய் சொல்றப்ப மூக்கச் சொறியாதீங்க.

— சரி, இன்னொண்ணு. பின்கட்டுல ரெண்டாவது சமையக்கட்டு ஒண்ணு இருக்குது. தனி மேடை, தனித் தொட்டி, தனி வாசப்படி.

— பாத்தேன். பாத்தப்புறந்தான் உங்க கணக்கே புரிஞ்சிது. பலராமன் குடும்பத்தக் கூட்டியாரலாம்னுதானே?

— என் தம்பி பேரையே நான் எடுக்கலியே!

— எடுக்கணுமா? தீபத்தன்னிக்கு எல்லாரும் மலையப் பாத்து அரோகரான்னு கத்தறாங்க. நீங்க மட்டும் எட்டு வருசமா பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்துக்கினு நிக்கறீங்க. அங்கதான அவன் வாடகை வூடு?

— அவன் இல்லாம எனக்கு சோறு எறங்கல லட்சுமி. ஒரே தட்டுல தின்னு வளந்தவங்க. அவன் பொண்டாட்டி தேவிப்ரியாவுக்குத் தனி அடுப்பு இருந்தா உனக்கும் தொல்லை இல்லியேன்னு பாத்தேன்.

— தனி அடுப்பு! அந்த வார்த்தைய உட்டதே நான்தான். கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு மொகத்தச் சுளிச்சா. 'அவ்ளோ ருசி கேட்டா தனி அடுப்பு வெச்சிக்கோடி'ன்னேன். பாதி வெளையாட்டு, பாதி கோவம். மறுநாளே புருசன், புள்ளை, சிலிண்டரோட பூட்டா.

— பழைய கதை. அத்த உடு.

— எப்டி உடறது? உப்பு ஜாஸ்திதாங்க அன்னிக்கு.

— இத்த எட்டு வருசம் கழிச்சா சொல்லுவ?

— வாய்தான் சொல்லல. கை இன்னும் ஆறு பேரு அரிசியத்தான் அள்ளுது. மீந்ததுல தண்ணி ஊத்தி வெச்சி, காலையில நானே குந்திக்கினு தின்றேன். உங்களுக்கு எங்க தெரியப்போவுது?

— அப்ப வாங்கிடலாமா?

— இப்டியே வேணாம்.

— லட்சுமி, எனக்காக...

— முழுசா கேளுங்க. பின்கட்டு மேடைய இடிச்சிட்டுதான் பத்திரம்னு புரோக்கர் மணிவேல்கிட்ட சொல்லிடுங்க. நீங்க கெணத்த எட்டிப் பாத்துக்கினு இருந்தப்ப தேவிப்ரியாவுக்குப் போன் போட்டேன். 'எத்தினி அடுப்பு, அக்கா?'ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'ஒண்ணுதான்டி, உப்பு நீ போடு'ன்னேன்.