வெள்ளையடித்த தூக்குவாளியில் அய்யாசாமி மாமாவின் பெயர் வந்தது குறித்து

என் பெயர் சண்முகப்ரியா, வயது 20, தகப்பனார் பெயர் மாடசாமி. நெய்வேலி டவுன்ஷிப், வட்டம் 19, டைப் இரண்டு குவார்ட்டர்ஸில் அப்பா அம்மாவுடன் குடியிருக்கிறேன். கடலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி, ரிட்டயர்டு ஆக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இன்று 23.05.2025 காலை 10.40 மணிக்கு நானாகவே காவல் நிலையம் வந்து, தலைமைக் காவலர் மஹ்பூபா அவர்கள் கேட்க இதைச் சொல்கிறேன். யாருடைய தூண்டுதலும் இல்லை என்று எழுதலாமா என்று ஏட்டம்மா கேட்டார்கள். எழுதலாம், ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் வந்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன்.

நேற்று சுரங்கத்துக் கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் வேலியில் கண்டெடுத்த வெள்ளைத் தூக்குவாளியைக் கட்டியது நான். அதன் அடியில் பெயர் வெட்டியிருப்பதால் நீங்கள் பிடித்து வைத்திருக்கும் அய்யாசாமி அதைக் கட்டவில்லை. ஏட்டம்மா எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அவரை வீட்டுக்கு அனுப்ப இந்த ஒரு வரி போதுமென்றால், அவரை அனுப்பிவிட்டு மீதியைக் கேளுங்கள்.

இந்தக் கோடை விடுமுறையில், ஒரு பல்கலைக்கழகத்தில் காலநிலை மாற்றம், நீடித்த வளர்ச்சி பற்றி நடத்தும் நான்கு வாரப் படிப்பில் சேர்ந்தேன். மே 5 முதல் 17 வரை ஹாஸ்டலில் தங்கி வகுப்புக்குப் போனேன். முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து ஊர் பெயர் சொன்னோம். நான் நெய்வேலி என்றதும் முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவன் நிலக்கரி ஊரா என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அது என் குணம். எங்க அப்பா வெட்டுற கரியிலதான் உன் தலைக்கு மேல ஃபேன் சுத்துது, வேணும்னா ஆஃப் பண்ணிட்டு உட்காரு என்று சொல்லிவிட்டேன். இது விசாரணைக்குத் தேவையில்லை என்று ஏட்டம்மா சொன்னார்கள். அந்த வாயினால்தான் இவ்வளவும் வந்தது, அதனால் தேவை. வகுப்பு எடுத்தது பெரியநாயகி மேடம். செய்முறைக்கு இடம் பிரித்துக் கொடுத்தபோது, உன் ஊர்ச் சூட்டை நீயே அளந்து கொண்டு வா என்று எனக்கு நெய்வேலியைக் கொடுத்தார்கள். மே 30ஆம் தேதி எல்லோர் முன்னாலும் அதைச் சமர்ப்பிக்க வேண்டும்.

அதற்காக ஐந்து கருவிகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு இருக்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளும், வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கும். இதில் என்ன இருக்கிறது என்று காவல் ஆய்வாளர் கேட்டார். வெயில் இருக்கிறது என்றேன். அப்படி எழுத முடியாது என்றார்கள். அப்படியானால் மூன்று நாள் வெப்பநிலை இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

கருவியை வெறுமனே தொங்கவிடக் கூடாது. காற்று போய்வர ஓட்டை போட்ட வெள்ளைக் கூட்டுக்குள் வைத்துத்தான் தொங்கவிட வேண்டும். நான்கு கூடுகள்தான் கிடைத்தன, ஐந்தாவதை நானே செய்தேன். வீட்டில் மூடி லூஸாகிப் பரணில் கிடந்த ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து, மந்தாரக்குப்பத்தில் பாவாடை என்பவரின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சுற்றிலும் ஓட்டை போடச் சொன்னேன். என்னம்மா இடியாப்பம் புழியப் போறியா என்று கேட்டார். அதன் பிறகு வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடித்தேன். அடிப்பாகத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது, அதன் மேலும் அடித்தேன். எங்கள் வீட்டில் இருக்கிற பாத்திரத்தில் பாதிக்கு மேல் விசேஷத்துக்கு யாராவது மொய்யாக வைத்தது, ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரும் ஊரும் இருக்கும். தினமும் கண்ணில் படுவதால் அதை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. "அன்புடன் க. அய்யாசாமி, மந்தாரக்குப்பம்" என்று அதில் இருந்தது நேற்றுதான் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் என் மஞ்சள் நீராட்டுக்கு அவர் வைத்த தூக்கு அது.

அய்யாசாமி என்பவர் கன்வேயர் பிரிவில் பத்தொன்பது வருடமாக கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கிறார். முதலில் என் அப்பாவிடம் ஹெல்பராக இருந்தவர், அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் வருவார். நான் மாமா என்று கூப்பிடுவேன். இந்த வருடம் பெர்மனென்ட் ஆக்குகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்திருக்கிறது, வருகிற திங்கட்கிழமை 26ஆம் தேதி அவருக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. போலீஸ் கேஸ் எதுவும் இல்லை என்று அதில் காட்ட வேண்டும்.

மே 19 திங்கட்கிழமை காலையில் ஐந்து கருவிகளையும் வைத்தேன். ஒன்று எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில், ஒன்று டவுன்ஷிப் பூங்கா மர நிழலில், ஒன்று மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், ஒன்று பண்ருட்டி பக்கம் தோழி மலர்கொடி வீட்டு முந்திரித் தோப்பில். ஐந்தாவது பெல்ட் ஓரம், வேலிக் கம்பத்தில். அங்கே தடை செய்யப்பட்ட பகுதி என்று போர்டு இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது, படித்தேன். வெளியில் கட்டினால் ஆடு மேய்க்கிறவர்கள் அவிழ்த்துவிடுவார்கள் என்று கம்பிக்குள் கையை விட்டு உள்பக்கமாகக் கட்டினேன். கை மட்டும்தான் உள்ளே போனது. அனுமதி கேட்டுப் பெரியநாயகி மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் என் பையிலேயே இருந்தது. ஆபீஸில் கொடுத்தால் பதில் வரப் பதினைந்து நாள் ஆகும் என்று கொடுக்கவில்லை. நான் டவுன்ஷிப்பில் பிறந்த பிள்ளை, எந்த கேட்டிலும் அப்பா பெயரைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துவிட்டேன். அது என் தப்பு.

நேற்று 22ஆம் தேதி காலை பத்து மணி வாக்கில் எங்கள் வட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. மணல் மூட்டை அடுக்கி, நடுவில் என் தூக்கு இருந்தது. கீழே குண்டு என்று போட்டிருந்தார்கள். அதன் பிறகு பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள், ரோட்டை மறித்துவிட்டார்கள், ஷிப்ட் பஸ்களைத் திருப்பிவிட்டார்கள், கடலூரிலிருந்து மோப்ப நாய் வருகிறது என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. அப்போதே போன் செய்து அது என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. போனை அணைத்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டேன். ஏன் அரிசி டின்னில் வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு முதல் ஷிப்ட். வழக்கமாக இரண்டரைக்கு வருகிறவர் நேற்று நாலரைக்குத்தான் வந்தார். அம்மா டீ கொடுத்தார்கள். டீயைக் குடிக்காமலே, நம்ம அய்யாசாமியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், தூக்கில் அவன் பெயர் இருக்கிறதாம் என்றார். தூக்கு என்றதும் அம்மா உள்ளே போய்ப் பரணைப் பார்த்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்:

"யாரும் ஒண்ணும் பேசாதீங்க. இந்த வீட்டுல மூணு பேருக்குத் தெரியும். மூணு பேரோட இருக்கட்டும்."

குண்டு இல்லை என்று பார்த்துவிட்டுப் போலீசார் தூக்கின் பெயிண்டைச் சுரண்டியபோது அப்பாவும் அங்கே நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பெயரைப் பார்த்ததுமே எந்த வீட்டுத் தூக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தோடு கூடவே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டேன்.

இன்று காலை எட்டு மணிக்கு அய்யாசாமி மாமாவின் மனைவி பட்டம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார். கையில் மாமாவின் சர்க்கரை மாத்திரை இருந்தது, ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, அப்பா வந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. யாருக்கு வெச்ச தூக்குன்னு ரா முழுக்கக் கேட்டுகினு இருக்காங்களாம், நெனப்பு இல்ல நெனப்பு இல்லன்னே சொல்லிகினு இருக்காராம் என்றார்கள். அந்தத் தூக்கைப் பண்ருட்டியில் கடை ஏறி எடுத்ததே பட்டம்மாள்தான் என்று அம்மா பின்னால் சொன்னார்கள். ஆனால் எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாப்பாவுக்கு லீவு எப்ப முடியுதுங்க என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுவிட்டு, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்கள். அதற்கு மேல் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டு சைக்கிளில் கிளம்பினேன். அம்மா தடுக்கவில்லை.

இங்கே வந்தபோது அய்யாசாமி மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாமா, நான் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"வாணாம் பாப்பா. நேத்து உங்க அப்பா வந்து பேசிட்டாருங்க. நெனப்பு இல்லன்னு மட்டும் சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

திங்கட்கிழமைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதையும் தானே பார்த்துக்கொள்வதாக அப்பா சொன்னாராம்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, இதை எழுத வேண்டாம் என்று ஏட்டம்மாவிடம் சொன்னேன். தண்ணீர் குடித்தேன். அதன் பிறகு எழுதுங்கள் என்றேன். என் அப்பாவால் பார்த்துக்கொள்ள முடியாது. பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று குவார்ட்டர்ஸ் ஆபீஸில் எழுதிக்கொடுத்து அதைச் சரிசெய்ய வைக்கவே அவருக்கு மூன்று மாதம் ஆனது. பெர்மனென்ட் பட்டியலில் ஒரு பெயரைக் காப்பாற்றும் அளவுக்கு அவருக்கு அங்கே யாரையும் தெரியாது. அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அய்யாசாமி மாமாவுக்கு மட்டும் தெரியாது. பெர்மனென்ட் ஆள் சொன்னால் நடக்கும் என்று அவர் நம்பிவிட்டார்.

பகல் 12.15க்கு நிலையத்திலிருந்து போன் செய்து அப்பாவை வரவழைத்தார்கள். யூனிபார்மோடு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். ஏட்டம்மா முன்னிலையில் என்னோடு பேசினார். அவனுக்கு இந்த கான்ட்ராக்ட் போனால் இன்னொரு கான்ட்ராக்ட், உனக்குக் கேஸ் ஆனால் படிப்பே போச்சு, அதை யோசித்தாயா என்றார். யோசித்தேன் என்றேன். நேற்று முழுக்க அதைத்தான் யோசித்தேன், அதனால்தான் அய்யாசாமி மாமா ஒரு ராத்திரி பெஞ்சில் இருந்தார். அதன் பிறகு நான் கேட்டேன்:

"பாத்துக்கறேன்னு சொன்னீங்களே அப்பா, எப்படிப் பாப்பீங்க?"

அப்பா ஹெல்மெட் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். தெரியல என்றார்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அய்யாசாமிக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று திங்கட்கிழமைக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பார்க்கலாம் என்று ஆய்வாளர் சொன்னார். பார்க்கலாம் என்று அவர் சொன்னதையும் எழுதச் சொன்னேன். கருவியைத் திருப்பிக் கேட்கவில்லை. என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன், ஆனால் எனக்குப் பயமில்லை என்று எழுத வேண்டாம், பயமாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்துக் காட்டும்போது கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன், திறந்து வைத்தார்கள். வெளியே பெஞ்சில் அய்யாசாமி மாமாவும், அவர் பக்கத்தில் இடம் இருந்தும் உட்காராமல் என் அப்பாவும், முழுவதையும் கேட்டார்கள். நான் சொன்னதில் ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் வாயால் வந்ததே இதில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மா. சண்முகப்ரியா

என் முன்பாக, மஹ்பூபா, தலைமைக் காவலர், 23.05.2025, பகல் 1.50 மணி.

சாட்சியாகக் கையெழுத்திட அய்யாசாமியை அழைத்தபோது மேற்படி மாடசாமி தானே உள்ளே வந்து, பேனாவை வாங்கி, தன் கையெழுத்துக்கு மேலே தன் கைப்பட எழுதியது:

நினைவில்லை என்று அய்யாசாமியைச் சொல்லச் சொன்னது நான். என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தே சொன்னேன்.

(ஒப்பம்) சு. மாடசாமி