இருநூறு புள்ளி

— கதை விடாத. செத்துப்போன மனுஷனோட ஸ்கோர் எப்படிடா ஏறும்?

— ஏறலக்கா. நீ தப்பாப் படிச்சிருப்ப.

— எட்டு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து முந்நூறு. பதினோரு வருஷமா இந்த மெஷின் திரையில உங்க மாமா பேரோட மூணு எழுத்துக்குப் பக்கத்துல நிக்கிற நம்பர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போன செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தா கடைசியில ஐந்நூறுன்னு இருக்கு. அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நடுவுல வந்து இருநூறு சேர்த்துட்டுப் போனாரா?

— திரை பழசுக்கா. மூணு அஞ்சு மாதிரி தெரியும்.

— மறுநாள் திரும்ப முந்நூறு ஆயிடுச்சே. திரை ஒரே ராத்திரியில புதுசாயிடுச்சா?

— அதாவதுக்கா...

— சரி. அடுத்தது சொல்லு. மணி என்ன?

— ஆறே முக்கால்.

— கடை எப்ப திறக்கணும்?

— பத்து மணிக்கு.

— பத்து மணிக்குத் திறக்கிற கேம் ஹால்ல, ஷட்டரைப் பாதி இறக்கி வச்சுக்கிட்டு, மெஷினோட பின்கதவைக் கழட்டிச் சுவர்ல சாத்தி வச்சுக்கிட்டு, நீ என்ன பண்ற? எதிர்த்த தையல்கடைக்காரர் சொல்றாரு, மூணு வாரமா இதே கூத்துதானாம்.

— தூசி தட்டுறேன்.

— மூணு வாரமாவா? இருபது மெஷின்ல இதுக்கு மட்டும்தான் தூசி பிடிக்குது போல. நான் பத்துக்கு வந்தா மத்ததெல்லாம் சில்லுன்னு இருக்கு, இது மட்டும் அடுப்பு மாதிரி சுடுது. "இப்பதான்க்கா மெயினைப் போட்டேன்"னு கூசாமச் சொல்ற.

— பழைய மெஷின்க்கா, சீக்கிரம் சூடாயிடும்.

— நான் சுத்தி வளைக்கல. போன மாசம் ஒருத்தர் வந்தாரே, பழைய மெஷின் சேர்க்கிறவர். "இந்த மெஷினுக்குள்ள இருக்கிற ஒரிஜினல் போர்டை மட்டும் கொடுங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க"ன்னு நின்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். நீ வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்த. அரை மணி நேரம். என்னடா பேசின?

— சும்மா, மெஷினைப் பத்தி.

— வித்துட்டியா?

— அக்கா.

— வித்திருந்தா சொல்லிடு. கடைச் சாவியை இங்க வச்சிட்டுக் கிளம்பு. கூடப்பிறந்தவன்னு பார்க்க மாட்டேன். இதுல மட்டும் பார்க்க மாட்டேன்.

— ஒரிஜினல் போர்டு இந்தக் கடைக்குள்ளதான் இருக்கு. சத்தியமா.

— சத்தியத்தை உள்ள வை. கொடி ஏன் ஆட மாட்டேங்குது?

— எந்தக் கொடி?

— ஆட்டத்தோட முதல் கட்டத்துல கோட்டை மேல இருக்கிற ஏழு கொடி. காத்துல படபடன்னு அடிச்சுக்கும். இப்ப ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. நாம ஆட்டுற வாள்காரன் குதிச்சா கீழ நிழல் விழும். இப்ப விட்டு விட்டுத் தெரியுது. இடி இடிச்சா பாட்டு நின்னு போகுது.

— சிப்பு சூடானா அப்படித்தான்...

— நேத்து மருந்துக்கடைக்காரர் ஆடும்போது பின்னாடி நின்னேன். அஞ்சாவது கட்டம், கயித்துப் பாலம். ஆறு வௌவால் வரணும். நாலுதான் தெரிஞ்சுது. மீதி ரெண்டு கண்ணுல படாமயே கடிச்சுது. அந்த மனுஷன் செத்துச் செத்து விழுந்து, மெஷினை ஒரு குத்து குத்திட்டுப் போனாரு. சூட்டுல வௌவால் மறையுமா?

— ஆறுன்னு எண்ணி வச்சிருக்கியா?

— இத்தனை வருஷம் கல்லாவுல உக்காந்திருக்கேன், கண்ணுல படாதா? டார்ச்சைக் கொடு. தள்ளு.

— வேணாம்க்கா, கரண்ட் ஓடுது.

— தொட மாட்டேன், பார்க்கிறேன். தள்ளுடா. இது என்னது? பரண்ல கிடந்த கறுப்புப் பெட்டி இல்ல? "கேம் ஹாலே உங்க வீட்டுக்கு வந்தாச்சு"ன்னு அட்டைப்பெட்டியில போட்டு ஏமாத்தினானே, அந்த வீட்டு மெஷின்.

— ஆமா. ஆனா முழுசா ஏமாத்தலக்கா. அதாவது, ரெண்டுக்கும் மூளை ஒண்ணுதான். அதே ஆட்டம், அதே சிப்பு, அதே வேகம். மெமரியிலதான் கை வச்சுட்டான், கால்வாசிதான் கொடுத்தான். ஒரு கொடி ஆடணும்னா எட்டுப் படம் வேணும். வைக்க இடமில்ல, ஒரே படத்தோட நிறுத்திட்டான். ஒரே வரிசையில நாலு உருவத்துக்கு மேல வந்தா இதால வரைய முடியாது. அஞ்சாவது வௌவாலை வரையத்தான் முடியல, ஆனா அது அங்க பறந்துக்கிட்டுத்தான் இருக்கு. அதான் கடிக்குது.

— அதான் ஒருத்தரும் வாங்கல.

— விலையும்தான். ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிடலாம். ஒன்றரை வருஷத்துல கம்பெனிக்காரன் கடையைக் கட்டிட்டான். மாமா வாடகைக்கு விடலாம்னு ரெண்டு வாங்கினாரு, ஒரு ஆள் சீந்தல.

— பாடம் நல்லாத்தான் எடுக்கிற. ஒரிஜினல் எங்க?

— கல்லா மேசையில கீழ் இழுப்பறை. சில்லறைப் பைக்கு அடியில, துண்டுல சுத்தி வச்சிருக்கேன்.

— இரு, எழுந்திரிக்காத. நானே பார்க்கிறேன்... இருக்கு.

— விக்கலக்கா.

— சரி, விக்கல. அப்ப ஏன் கழட்டின? மூலையில ஏன் பச்சை பிடிச்சிருக்கு?

— பேட்டரி ஒழுகியிருந்துச்சு. துடைச்சுட்டு மாத்தலாம்னு பார்த்தேன். எந்த மெஷின்ல கை வச்சாலும் மெயினை அணைச்சிட்டுத்தான் வைக்கணும்னு நீதான சொல்லுவ? அணைச்சேன். பேட்டரியை எடுத்தேன். அவ்வளவுதான். இந்தப் போர்டுக்கு மட்டும் கரண்ட் ஓடும்போதே மாத்தணுமாம். எவனும் காப்பி அடிக்கக்கூடாதுன்னு ஆட்டத்தையே பூட்டி, அதைத் திறக்கிற எண்ணை அந்த பேட்டரி தயவுல வச்சிருக்கான். பேட்டரியை எடுத்தா எல்லாம் போச்சு. ஆட்டமும் போச்சு, ஸ்கோரும் போச்சு. திரும்பப் போட்டேன், வெறும் கறுப்புத் திரை.

— என்கிட்ட சொல்ல வேண்டியதுதான.

— எந்த வாயால சொல்லுவேன்? மாமா போனதும் பழைய மெஷினையெல்லாம் மாத்தச் சொன்ன. இதை மட்டும் தொட விடல. தினமும் கல்லாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதுக்கு முன்னாடி போய் ஒரு நிமிஷம் நிப்ப. அந்த ஒரு வரிக்காகத்தான் நீ இந்தக் கடையையே இழுத்துப் பிடிச்சு நடத்துறன்னு எனக்குத் தெரியாதா? அதை என் கையாலயே அழிச்சுட்டு வந்து உன் முன்னாடி நிக்கச் சொல்றியா?

— அதுக்குத்தான் இந்தப் பெட்டியை உள்ள வச்ச.

— வேற வழி? அந்த சேர்க்கிறவர்கிட்டயும் நேத்து போன்ல கேட்டுட்டேன், இந்தப் போர்டுக்கு மாத்து கிடைக்காதாம். வீட்டு மெஷின்ல பேட்டரியே கிடையாது. ராத்திரி நீ மெயினை இறக்கிட்டுப் போனா, காலையில சைபர். அதனால தினமும் அஞ்சு மணிக்கு வந்து ஆடுறேன். மாமா நம்பரைத் தொட்டதும் கையை எடுத்துடுவேன். வாள்காரன் சாகட்டும்னு விட்டுட்டு, மாமாவோட எழுத்தைப் போட்டுட்டு, வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வருவேன்.

— மூணு வாரமாவா?

— ஒரு நாள் விடாம.

— செவ்வாய்க்கிழமை?

— கையை எடுத்துட்டேன்க்கா. வாள் அதுக்குள்ள கிளம்பிடுச்சு. கண்ணுக்குத் தெரியாத வௌவால் ஒண்ணு குறுக்க வந்து செத்துச்சு. இருநூறு ஏறிடுச்சு. முதல்லேருந்து ஆட நேரமில்ல. நீ கவனிக்க மாட்டன்னு நினைச்சுட்டேன்.

— கவனிக்காம இருப்பேனா?

— திட்டிடுக்கா.

— உன் கண்ணெல்லாம் இப்படிச் செவந்திருக்கேன்னு நான் வேற மாதிரி நினைச்சேன்.

— ஒண்ணு சொல்லட்டுமா? மாமா ஆடி நான் பார்த்ததே இல்ல. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பீத்திக்குவாரு, நானும் மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன். ஆடிப் பார்த்தப்பதான் தெரியுது. என்ன கைக்கா அது! அவர் உயிரோட இருந்தப்ப வராத மரியாதை இந்த மூணு வாரத்துல வந்துடுச்சு. பாலத்துல விழும்போதெல்லாம், "மாமா, கொஞ்சம் வழி காட்டுங்க"ன்னு வாய்விட்டே கேக்கிறேன்.

— பாலத்தை எப்படித் தாண்டுற?

— ஓடிப்போய்க் குதிச்சு.

— அதான் விழுற. ஓடாத. ரெண்டு அடி வை, குனி, மூணு எண்ணு, குனிஞ்ச மேனிக்கே வீசு. வௌவால் கண்ணுக்குத் தெரியணும்னு அவசியமே இல்ல. அது வர்ற நேரம் மாறாது.

— இதெல்லாம் மாமா உன்கிட்ட சொல்லியிருக்காரா?

— இன்னிக்கு எவ்வளவு வந்திருக்க?

— ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. நீ வந்ததும் அப்படியே விட்டுட்டேன்.

— சாவி எங்க?

— இந்தா. நீ கோவப்படுறது நியாயம்தான்க்கா. வச்சிட்டுப் போறேன்.

— உன்னை யாரு போகச் சொன்னா? அதை எடுத்துக்கிட்டுப் போய் ஷட்டரை முழுசா இறக்கு. மெயினை ஒரு தடவை அணைச்சுப் போடு.

— அணைச்சா ஆறு லட்சமும் போயிடும். திரும்ப சைபர்லேருந்து ஆடணும்.

— ஆடலாம்.

— அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சாலே பாலத்துல விழுந்து விழுந்து ஒன்பது ஆயிடுது, இனிமே பத்து மணிக்குள்ள மாமா நம்பர் வராதுக்கா. என்னால முடியாது.

— உன்னால முடியாது. அவராலயும் முடியாது, உங்க மாமா ரெண்டாவது கட்டத்தைத் தாண்டினதே இல்லடா. அவர் பேங்க்குக்குச் சில்லறை மாத்தப் போன நேரத்துல நான் ஆடினது அது. விளையாட்டா அவர் எழுத்தைப் போட்டு வச்சேன். வந்து பார்த்துட்டு, தான் அடிச்சதா ஊரெல்லாம் சொல்லிட்டாரு, அப்புறம் இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல. தினமும் போய் நின்னது என் நம்பரைப் பார்க்கத்தான். தள்ளி உக்காரு, இன்னிக்கு என் எழுத்தைப் போடப் போறேன்.