டப்பா கத்தாத காலை

ஓடுகிறோம். காலை ஏழு பத்து. இறுகிய பனிமண். முன்னால் சின்னச்சாமி. நடுவில் நான். பின்னால் ஜெபராஜ். தலைக்கு மேல் ரீங்காரம். ட்ரோன்.

"பிரிஞ்சு ஓடுங்ண்ணா! ஒண்ணா ஓடாதீங்க!" ஜெபராஜ் கத்துகிறான்.

ட்ரோன் சின்னச்சாமியைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரே வெடி. மண்ணும் துணியும் சதையும் என் முகத்தில். அவர் ஓடிய இடத்தில் ஒற்றை பூட்ஸ்.

நாங்கள் சிப்பாய்கள் இல்லை. நான் பெருமாநல்லூரில் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். சின்னச்சாமி அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஜெபராஜ் தாராபுரத்துக்காரன், துணி கட்டிங்கில் வேலை. வெளிநாட்டில் மிலிட்டரி யூனிபார்ம் தைக்கும் கம்பெனி என்றார் ஏஜென்ட். இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள். புரியாத மொழிக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். யூனிபார்மை எங்களுக்கே மாட்டிவிட்டார்கள். பதினோரு நாள் பயிற்சி. பிறகு பதுங்குகுழி.

பதுங்குகுழி பழைய போர்கள் கற்றுத் தந்தது. துப்பாக்கிக் குண்டு நேராக வரும். மண் தடுத்துவிடும். பீரங்கிக் குண்டு விழுமுன் விசிலடிக்கும். படுக்க இரண்டு மூன்று நொடி கிடைக்கும். ட்ரோன் குழிக்குள் எட்டிப் பார்க்கிறது. ஆள் இருந்தால் இறங்குகிறது. அதற்கும் மாற்று ஒன்று தந்திருந்தார்கள். சின்ன டப்பா. ட்ரோனின் ரேடியோ அலை நெருங்கினால் கத்தும். ஆறு வாரம் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஜெபராஜ் அதைக் கழுத்தில் மாட்டியே தூங்குவான்.

அன்று டப்பா கத்தவில்லை. புது ட்ரோனுக்கு ரேடியோ கிடையாது. இன்டர்நெட் கேபிளில் இருப்பதுபோல மெல்லிய கண்ணாடி நூலை அவிழ்த்துவிட்டபடி பறக்கிறது. ஓட்டுகிறவனுக்கு அந்த நூல் வழியே படம் போகிறது.

ஏழு பதினாலு. இரண்டாவது ரீங்காரம். புதருக்குள் விழுகிறேன். முகத்துக்கு நேரே நூல்கள். வெயிலில் மின்னுகின்றன. வயல் முழுக்க நூல். பதினாறு வருஷம் மிஷினில் அறுந்த நூலைத் தேடிய கண். புரிந்துவிட்டது: நூல் ஒடிந்தால் ட்ரோன் குருடு.

"ஜெபா, பள்ளத்துல படு! எந்திரிக்காதே கண்ணு!"

"டப்பா கத்தலீங்ண்ணா! ட்ரோன் போயிருச்சுங்களா?"

"தலையத் தூக்காதே!"

ஒரு நூலை மடக்கி ஒடித்தேன். ரீங்காரம் நிற்கவில்லை. இன்னொன்றை ஒடித்தேன். மூன்றாவதையும். மூன்றும் முன்பே வேறு குழிகளைத் தேடிப் பறந்த ட்ரோன்கள் விட்டுப்போனவை. நான்காவது நூல் விரல் பட்டதும் அதிர்ந்தது. அதுதான். மடக்குவதற்குள் ஜெபராஜ் படுத்த பள்ளத்தில் வெடித்தது. நூல் துவண்டது. ஏழு பதினாறு.

தவழ்ந்து போனேன். ஜெபராஜுக்கு இரண்டு காலும் இல்லை. டப்பாவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"குளுருதுங்ண்ணா."

என் இடுப்புப் பட்டியால் அவன் தொடையை இறுக்கிக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏழு முப்பத்தொன்றுக்குப் பிடி தளர்ந்தது. என் விரல்கள் இரண்டு போனதை அப்போதுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் நான்கு மாதம். இனி சண்டைக்கு ஆகாதவன் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வந்ததும் தாராபுரம் போனேன். ஜெபராஜின் மனைவி கதவருகில் நின்றார்.

"அவருக்கு ரொம்ப வலிச்சுதுங்களா?"

"இல்லீங்க. தெரியறதுக்குள்ளயே முடிஞ்சுருச்சுங்க."

பொய் சொன்னேன். பதினைந்து நிமிடம். நான் எழுதும் இதை அவர் படிப்பார். அவருக்கு உண்மை தெரிய வேண்டும்.

சின்னச்சாமி, வயது நாற்பத்தொன்று. உடல் வரவில்லை. ஜெபராஜ், இருபத்தொன்பது. உடல் வரவில்லை. என் இடக்கையில் இரண்டு விரல் இல்லை. வலது காது கேட்காது. ஒடித்த நூல் மூன்று. ஒடிக்காதது ஒன்று.