உருண்டைச் சாய்வெழுத்தை வரைந்த அக்காவுக்கு

வளைவு பிசகினால் வாடும் மனமும், வற்புறுத்தினாலும் வளையாத குணமும் வாய்த்த எழுத்து வடிவமைப்பாளரே! மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடும் மாண்புடையவரே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்களோடு உழைத்து, இன்று பணி ஓய்வு பெறும் அன்பு அக்காவே! இந்த லேபிள் அச்சகத்தின் சரிபார்ப்பு அறையிலுள்ள பதினொரு பேரும் வணங்கி வாசிக்கும் மடல் இது.

தாங்கள் வரைந்த எழுத்தின் நுனியில் குஞ்சமில்லை, வாலில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனம், முனையெல்லாம் உருண்டை, நடக்கக் கிளம்பியவர் போல் வலப்பக்கம் சற்றே சாய்வு. மருந்துப் புட்டியிலும், மருத்துவ ஊர்தியின் பக்கவாட்டிலும், நீச்சல் குளத்தின் ஆழம் காட்டும் பலகையிலும் அது கண்ணை உறுத்தாமல் கருத்தைச் சொல்லி வருகிறது. பக்கம் பக்கமாகப் படிக்கும் புத்தகத்துக்கு அது ஆகாது என்று சொன்னவரும் தாங்களே. இரங்கல் அட்டைக்குக் கேட்டு வந்தவரிடம், "இது சிரிச்ச முகத்து எழுத்துங்க, துக்க வீட்டுக்கு வேண்டாம்" என்று சொல்லி, நேரெழுத்தைக் கொடுத்து அனுப்பினீர்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் ஒரு தவறு நடந்தது. குழந்தைகளின் இருமல் மருந்து லேபிளுக்கு, நேரெழுத்தையே கணினியில் ஒரே தட்டில் சாய்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டோம். வட்டங்கள் முட்டையாய் நசுங்கின. சுழிகளில் மை அடைத்தது. அளவு சொல்லும் 3, வாய் மூடி 8 போல் நின்றது. உருப்பெருக்கியில் அதைப் பார்த்த தாங்கள் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினீர்கள்.

"மேடம், லாரி வாசல்ல நிக்குது" என்று மேலாளர் கத்தினார்.

"நிக்கட்டும் சார். இதப் பாத்து ஒரு அம்மா எட்டு மில்லி ஊத்திட்டா, நீங்களா போய்ப் பதில் சொல்வீங்க?"

வேலை போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் எண்ணையும் நான்கு நாளில் சாய்வாகவே புதிதாய் வரைந்தீர்கள். உருண்டைச் சாய்வெழுத்து பிறந்தது அப்படித்தான். அந்த 3 இன்றும் வாய் திறந்தே இருக்கிறது.

அடுத்த மாதம் முதல் தங்கள் எழுத்தை எடுத்துவிட்டு, கணினிச் சாய்வையே போடலாம் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தாங்கள் மேசை இழுப்பறையைக் காலி செய்தீர்கள். எங்களுக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது.

நாங்கள் ஒப்பமிடாமல் இங்கே ஒரு லேபிளும் அச்சேறாது. கணினி சாய்த்த எழுத்தில் வரும் எந்த மருந்து லேபிளுக்கும் ஒப்பமிட மாட்டோம் என்று இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டோம். மேலாளர் முன்வரிசையில் இருக்கிறார் என்று தெரிந்துதான் இதை வாசிக்கிறோம்.

தாங்கள் நோய்நொடியின்றி, கண்ணொளி குன்றாமல், நினைத்த நேரம் எழுந்து நெடுங்காலம் நிம்மதியாய் வாழ வேண்டும் அக்கா. எழுத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சரிபார்ப்பு அறையின் பதினொரு பேர்.
பன்னிரண்டாவதாக மேலாளருக்கும் கீழே இடம் விட்டிருக்கிறோம். பேனா மேசைமேல் இருக்கிறது.