ஜமீன் வாலும் ஒரு வெள்ளிக்கெழமையும்

பயப்படாதீங்க கம்பவுண்டர் சார், கடிக்காது. மாட்டாஸ்பத்திரிக்கு நாய எதுக்கு இஸ்துகினு வந்தேன்னு பாக்கறீங்களா? இது காதையும் வாலையும் வெட்டி வுடணும், அவ்ளோதான். கத்தி இங்க இருக்குதா, இல்ல தறிக்கொட்டாயிலேர்ந்து கத்தரி எட்தாரட்டா?

சிரிக்காதீங்க, உங்க கையில இருக்கற அந்தக் கத்தியே போதும். என் பேரு கோவர்த்தனன். இதே நகரியில நெசவுக்காரங்க தெரு, கடைசி வூடு. பின்னால முள்ளுவேலி போட்ட வூடு, தெரியுமில்ல? தெரியாதா. சரி, பரவால்ல.

நாய் பேரு ஜமீன். துன்றது, தூங்கறது, வேற ஒரு வேல கெடயாது, அதான் அந்தப் பேரு. ஆனா ஆளப் பாத்தா வுடாது சார். தபால்காரரப் பாத்து குலைக்கும். என் மாமியாரப் பாத்து நாலு வருசமா குலைக்குது, அதுல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல. எல்லைக் கல்லு நட சர்வேக்காரங்க வந்தாங்களே, ஊரே கையக் கட்டிக்கினு நின்னுது, இது மட்டும் அவங்கள ஏரிக்கரை வரைக்கும் தொரத்திச்சு. ஒருத்தர் தெலுங்குல குக்க குக்கன்னு கத்திக்கினு ஓடறாரு, இன்னொருத்தர் தமிழ்ல நாயி நாயின்னு கத்திக்கினு ஓடறாரு, இதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். திரும்பி வந்து அந்தக் கல்லு மேலயே காலத் தூக்கிச்சு. ஆந்திரான்னும் பாக்கல, மெட்ராசுன்னும் பாக்கல.

அப்பேர்ப்பட்ட நாயி, ரெண்டு மாசமா வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆனா வாயத் தொறக்க மாட்டேங்குது. அன்னிக்கு நானும் என் சம்சாரம் பச்சையம்மாளும் அம்மன் கோயிலுக்குப் போயிடுவோம். எங்க பொண்ணு தாட்சாயணி, தறியில வேல கெடக்குதுன்னு வூட்லயே இருந்துடும். திரும்பி வந்து பாத்தா கொல்லையில வேலிய ஒதுக்கிக்கினு ஆள் பூந்த தடம். செருப்புத் தடம் சார். எங்க தெருவுல செருப்பு யாரு போடறாங்க? ஒரு சாமானும் காணாமப் போவல. திருடன்னா ஒரு சொம்பாவது எட்துக்கினு போவ மாட்டான்?

நாயுடுபேட்டையிலேர்ந்து என் மச்சான் ரங்கையா வந்தான். பட்டாளத்துல தொரைங்க நாய மேச்சவன். காது மடிஞ்சி கெடக்குது, அதான் சத்தம் கேக்கல, காத நறுக்கி நிக்க வெய்யி, வால ஒட்ட வெட்டு, அப்பறம் பாரு அதுக்கு ரோஷத்தன்னான். பச்சையம்மா, மொதல்ல எங்கண்ணன் காத வெட்டுங்க, அதுக்கு ரோஷம் வருதான்னு பாப்போம்னா. தாட்சாயணி நாயக் கட்டிப் புடிச்சிக்கினு ஒரே அழுவ. மூணு மாப்பிள்ளைங்க வந்து பாத்தப்ப கூட அழாத பொண்ணு சார் அது. வேணாம்னு ஒரே வார்த்த சொல்லிட்டு தறியில போயி ஒக்காந்துக்கும்.

நீங்க என்ன சொல்றீங்க? காத வெட்டினாலும் கேக்கறது அதேதானா? வலியில உயிரே போயிடுமா. அப்ப ரங்கையா சொன்னது புளுகு. வாலு? அதுவும் வேணாமா? அட, வாலாலதான் பேசுமா! புடிச்ச ஆளக் கண்டா ஆட்டும், புடிக்காத ஆளக் கண்டா வெறைக்கும், வால் போச்சுன்னா ஊமைதானா. எவ்ளோ அக்கறையா சொல்றீங்க. ஏன் சார் இப்பிடி வேர்த்து ஊத்துது?

உங்களுக்கு திருத்தணியாமே. வர ஒண்ணாந்தேதி திருத்தணி ஆந்திராவ வுட்டு மெட்ராசோட போவுது, உத்யோகத்துக்கு நீங்களும் அந்தப் பக்கந்தான்னு பத்து நாளைக்கு முன்னால எழுதிக் குடுத்துட்டீங்களாம். நல்லது. எங்க எழுந்திரிக்கிறீங்க? ஒக்காருங்க.

எம்பொண்ணு பத்து நாளா சரியா துன்னல சார். கேட்டா நாயத்தான் கட்டிக்கிது. எங்களுக்கு ஒரே பொண்ணு. காலையில பொழுது வெடிஞ்சதும் இந்த நாயப் புடிச்சேன். நகரி பூரா சுத்திட்டேன். செருப்பு போட்ட வயசுப் பசங்க ஒருத்தர வுடல. நெசவு சொசைட்டி குமாஸ்தாவப் பாத்து குலைச்சுது, இந்தி வாத்தியாரப் பாத்து குலைச்சுது, சினிமா கொட்டாயில டிக்கெட் கிழிக்கிறவன் வேட்டியவே கிழிச்சுது.

இந்தப் படி ஏறினதுலேர்ந்து பாரு தம்பி, ஒரு சத்தம் போட்டுதா? வால் நிக்கவே மாட்டேங்குது. மூக்கு உன் ஜோபியில இருக்குது. வேர்க்கடல உருண்டையா? குடு, குடு, பழகினதுதான.

வூட்லேர்ந்து கெளம்பும்போது காத வெட்டணும்னுதான் கெளம்பினேன். யாரு காதுன்னு பச்சையம்மாகிட்ட சொல்லல.

சரி, கத்திய உள்ள வெய்யி. வாலு இருக்கட்டும். இந்த வெள்ளிக்கெழம நாங்க கோயிலுக்குப் போவல, வூட்லதான் இருப்போம். உங்க நைனாவையும் அம்மாவையும் கூட்டிக்கினு வாசப்பக்கமா வா. வேலி முள்ளு சட்டையக் கிழிச்சுடும்.